நாடகத்துக்குக் கதை எங்கிருந்து வருகிறது?

நம்பிக்கை: சகுந்தலையின் மோதிரம் மகாபாரதக் கதை.

உண்மை: ஆதி பருவத்தில் மோதிரமும் இல்லை, துர்வாசர் சாபமும் இல்லை. துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஊர்வாய்க்கு அஞ்சி, தெரிந்தே மறுக்கிறான். சகுந்தலை மகனோடு சபையில் நின்று அவனை வாதில் மடக்குகிறாள். அசரீரி சாட்சி சொன்ன பிறகே அவளை ஏற்கிறான். காளிதாசரின் நாடகத்தில் அரசனின் பொய் மறதியாகிறது. மீன் வயிற்றில் கிடைத்த மோதிரத்துக்காக ஏழை மீனவனைக் காவலர்கள் கட்டி இழுத்து வருகிறார்கள். 1940இல் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை' படமும் காளிதாசர் வழியில் வந்ததுதான். இன்று நம் மனத்தில் நிற்பவள் நாடகத்துச் சகுந்தலை. வாதாடிய மூத்தவளையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை: 'மனோன்மணீயம்' பாண்டிய நாட்டில் நடந்த வரலாறு.

உண்மை: பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட இந்நாடகத்துக்கு அடிப்படை, லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கதைப்பாட்டு. லிட்டனுக்கும் அது சொந்தக் கதையல்ல. கனவில் கண்டு காதலித்த இருவரின் கதையை அலெக்சாந்தரின் அவையைச் சேர்ந்த காரெஸ் எழுதிவைத்திருந்தார். அந்தப் பழங்கதையில் இளவரசி தான் விரும்பியவனுக்குப் பொற்கிண்ணத்தை நீட்டுகிறாள். மனோன்மணியோ சுருங்கை வழியே வந்து நிற்கும் சேரன் புருடோத்தமனுக்கு மாலை சூட்டுகிறாள். கிண்ணம் மாலையான இடத்தில் கதை தமிழாகிவிட்டது. 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதை 'மனோன்மணி' என்று படமாக்கியது.

நம்பிக்கை: தழுவல் என்றாலே மட்டம்.

உண்மை: ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் இரட்டையர் கதையை ஷேக்ஸ்பியர் எடுத்துக்கொண்டு, வேலைக்காரர்களையும் இரட்டையராக்கினார், குழப்பம் இருமடங்கானது. அதை 1869இல் வித்யாசாகர் 'பிராந்திவிலாஸ்' என்று வங்காளத்தில் எழுதினார். 1982இல் குல்சார் 'அங்கூர்' என்று இந்தியில் படமாக்கினார். தமிழும் வங்காளமும் இந்தியும் அக்கம்பக்கமாகப் புழங்கும் அந்தமானின் ஷாதிபூரில் ஆண்டு விழா நாடகத்துக்குக் கதை தேடுவோருக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

கதையை எங்கிருந்து எடுத்தோம் என்று மேடையில் தயங்காமல் சொல்லுங்கள். எடுத்ததில் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று நடிக்கும் பிள்ளைகளுக்கும் விளங்க வையுங்கள். காளிதாசரும் சுந்தரம் பிள்ளையும் பெயர் பெற்றது அந்த மாற்றத்தால்தான்.