அணிகலனும் அறமும்

அணிகலன் உடலுக்கு அழகு செய்வது மட்டுமன்று. அறத்திற்குச் சான்றாகவும் நிற்பது. பண்டைத் தமிழகத்தில் வீரர் காலில் கழல் புனைந்தனர். சிறுவர் ஐம்படைத்தாலி அணிந்தனர். மகளிர் சிலம்பு பூண்டனர். பாண்டிமாதேவியின் சிலம்பு முத்துப் பரல் உடையது. கண்ணகியின் சிலம்போ மாணிக்கப் பரல் உடையது. இவ்வேறுபாட்டை முன்னரே ஆராய்ந்திருப்பின் கோவலன் உயிர் பிழைத்திருப்பான். ஆராயாது ஆணையிட்ட பாண்டியன், உண்மை வெளிப்பட்டபொழுது தானும் உயிர் துறந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது.

அணிகலனை நுணுகி ஆராய்ந்த அரசன் ஒருவனைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் இராசராசன், தானும் தமக்கையாகிய குந்தவையும் தேவியரும் பிறரும் இறைவனுக்கு ஈந்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு கி.பி. 1010ஆம் ஆண்டளவில் பணித்தான். பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், நகைகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்தனர். எடைக்கற்களுக்கு இறைவன் திருப்பெயர்களையே இட்டனர் என்க. முத்துகளை எண்ணி, வட்டம், அனுவட்டம், குறுமுத்து, சப்பத்தி எனத் தரம் பிரித்துக் குறித்தனர். நகையின் நிறையில் நூலும் அரக்கும் சேர்ந்திருப்பின் அதனையும் கூறினர். மணிகளின் குற்றங்களையும் மறைத்தாரல்லர்.

ஈந்தவன் அரசனே ஆயினும் கணக்கு தளரவில்லை. பொன் உருகும்; முத்தின் ஒளி மங்கும். அந்த வாய்மைக் கணக்கோ, ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் கல்லில் நிலைபெற்று விளங்குகின்றது.