வேலியும் சட்டமும்

தஞ்சாவூர்ச் சீமையில் வேலி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. 20 மா கொண்ட நிலப்பரப்பை ஒரு வேலி என்பர். நிலத்தைக் காக்கும் அரணையும் வேலி என்பர். இவ்வியாசம் இரண்டாவதைப் பற்றியது.

நன்செய் வயலுக்கு வரப்பே எல்லையாகும். கொல்லை, தோப்பு, ஆற்றுப்படுகை ஆகிய இடங்களிலேயே உயிர்வேலி மிகுதி. கிளுவை, நொச்சி, ஆடாதோடை, பூவரசு முதலியவை அதற்கு ஏற்றவை. சம்பா அறுவடைக்குப்பின் கால்நடைகள் அவிழ்த்து விடப்படும் மாதங்களில் கொல்லைப் பயிரைக் காப்பது இதுவே. நொச்சியையும் ஆடாதோடையையும் மாடு தின்னாது. அவற்றின் தழை வயலுக்கு நல்ல எருவாகும். இத்துணைப் பயனுள்ள வேலியைச் சட்டம் எவ்வளவு காக்கிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, சொந்தப் பட்டா நிலத்துக்குள் உள்ள வேலி. இதை அந்நியர் அழித்தால் உடையவர் வழக்கிடலாம். ஆனால் உடையவரே அதை வெட்டிக் கம்பிவேலி போட்டால் தடுக்கும் சட்டம் நம் சமவெளியில் இல்லை.

இரண்டாவது, இருவர் நிலங்களுக்கு இடையே உள்ள வேலி. 1923-ஆம் ஆண்டின் சர்வே, எல்லைகள் சட்டப்படி எல்லையைக் காட்டுவது சர்வே கல்லேயன்றி வேலியன்று. கல்லைப் பாதுகாத்துப் புதுப்பிப்பது பட்டாதாரரின் கடமை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பது எல்லைக்கு உதவாது. புதர் கல்லை மூடிவிட, வேலி ஆண்டுக்கு ஒரு சாணாக அடுத்தவர் பக்கம் நகர்வதுண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் உரிமை கொண்டாடி 12 ஆண்டுகள் பகிரங்கமாகவும் இடையறாமலும் அனுபவித்து வந்தால், மற்றவர் நிலத்தை மீட்கும் பாத்தியதையை இழக்க நேரிடும். ஆகவே வாய்மூடி இருத்தல் தகாது.

மூன்றாவது, வாய்க்கால் கரையிலும் வண்டிப்பாதையிலும் வைத்த வேலி. இவை புறம்போக்கு. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அறிவிப்புக் கொடுத்து ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றலாம். அங்கே விளைவித்ததையும் பறிமுதல் செய்யலாம். இது கடுமையன்று. கரை வேலி வாய்க்காலுக்குள் இறங்கினால் நீர் குறுகும்; கடைமடைக்காரரின் நாற்று காயும். வேலியே பயிரை மேய்ந்த கதையாகும்.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அங்கும் வேல்ஸிலும் 1997-ஆம் ஆண்டு விதிகளின்படி, வயற்புறத்தில் 20 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுள்ள உயிர்வேலியை நீக்க விரும்புவோர் பொதுவாக ஸ்தல நிர்வாகத்துக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். நிர்வாகத்துக்கு 42 நாள் அவகாசம் உண்டு. 30 ஆண்டு கடந்து, விதிகளில் கூறிய சிறப்புடைய வேலியாயின் அதை நீக்கலாகாது எனத் தடுக்கலாம்.

நம் சட்டம் மண்ணையும் கல்லையும் காக்கிறது. செடியைக் காப்பது நம் பொறுப்பு. எனவே சங்கத்தார் செய்யத்தக்கவை மூன்று. வேலி வைக்குமுன் தாலுகா அலுவலகத்தில் மனுச் செய்து நிலத்தை அளந்து கொள்க. கல் வெளியே தெரியும்படி ஒரு முழம் உள்ளே தள்ளி நடுக. பொதுவேலியைக் கவாத்துச் செய்வதும், தழையைப் பங்கிடுவதும், இருவர் சம்மதமின்றி வெட்டாமையும் பற்றி அண்டை நிலத்தார் எழுத்தில் உடன்படிக்கை செய்து கொள்க. அளவுக் கட்டணம் சொற்பம். எல்லை வழக்கோ கொல்லையையே விழுங்கிவிடும்.