அன்னைக்கு அவர் நல்லாத்தான் ஆடுனாரு

பண்டார் தெங்காரா,
ஜொகூர்.

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்துவிட்டுப் போன மூன்று அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். ஜொகூர் டாருல் தாக்சிம், அதாவது ஜேடிடி, காற்பந்து கிளப்பின் வரலாற்றைத் தமிழில் எழுத வேண்டும் என்று நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் புறப்பட்டிருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆட்டம் இருக்கிற நாளில் இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கூலாய் வழியாக மோட்டாரில் பறக்கிறார்கள்! அந்த கிளப் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "டிஎம்ஜே எடுத்து நடத்துறாரு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். நீ அதற்கும் பின்னால் போய்ப் பார்க்க நினைக்கிறாய். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். உன்னைப்போல் விளையாட்டைப் பற்றி எழுத வருகிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

உன் முதல் வரியிலேயே பேனாவை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. "1991-இல் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்து வென்ற ஜேடிடி" என்று தொடங்கியிருக்கிறாய். அந்த ஆண்டு வென்றது ஜொகூர் மாநில அணி. மைக்கல் உருக்காலோ பயிற்சியில், இறுதியாட்டத்தில் சிலாங்கூரை மடக்கிய அணி அது. 1985-இல் மலேசியக் கிண்ணத்தை எடுத்ததும் அதே மாநில அணிதான். இன்றைய ஜேடிடியின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஜொகூர் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகம், மலாயில் சுருக்கமாகப் பிகேஇஎன்ஜே, 1972-இல் தன் பேரிலேயே தொடங்கிய அணி அது. பின்னால் ஜொகூர் எஃப்சி ஆனது. பல வருஷம் மாநில அணி ஒரு பக்கம், ஜொகூர் எஃப்சி இன்னொரு பக்கம் என்று ஒரே மாநிலத்தில் இரண்டு அணிகள் தனித்தனியாக ஆடின. பிள்ளைகள் டிஎம்ஜே என்று சொல்கிற பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் 2012-இல் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரான பிறகுதான் எல்லாம் ஒரு குடைக்குள் வந்தது. 2013-இல் ஜொகூர் எஃப்சி, டாருல் தாக்சிம் என்ற பேரை ஏற்றது. மாநில அணி பிறகு ஜேடிடியின் இரண்டாம் அணியானது.

சாயோங் ஆறும் லிங்கியூ ஆறும் ஜொகூர் ஆற்றில் போய்க் கலக்கின்றன. கலந்த பிறகு இது எந்தத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் ஆற்றின் வரலாற்றை எழுதுகிறவன் இரண்டு கரையிலும் மேலே ஏறிப் போய்த்தான் ஆக வேண்டும். 1991-ஐ உன் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. அது எந்த ஆற்றில் வந்தது என்று சொல்லிவிட்டு எழுது. லார்க்கின் அரங்கத்தில் அந்த மாநில அணிக்காகத் தொண்டை கட்டக் கத்தியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுடைய அணியை நீ பேரில்லாமல் ஆக்கிவிடக் கூடாது.

1972 என்ற வருஷத்தை நீ ஒரே வரியில் கடந்துபோனதிலும் எனக்குக் குறை உண்டு. நாம் குடியிருக்கிற இந்த ஊரை உண்டாக்கிய கெஜோரா என்ற தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமும் அதே 1972-இல் சட்டம் போட்டு அமைத்ததுதான். காட்டைத் திருத்தி, செம்பனை நட்டு, வீட்டு வரிசை போட்டு ஒரு ஊரை உண்டாக்கிய காலமும், ஒரு பொருளாதாரக் கழகம் தன் ஆட்களை வைத்துப் பந்து அணி கட்டிய காலமும் ஒன்று. வேலை கொடுத்த இடமே பந்தும் கொடுத்தது. தோட்டத்துப் பிள்ளையான எனக்கு இது புதிதில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் திடலில் கோல் கம்பம் நட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெளியுலகத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்க் 1936-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் அணியாகப் பிறந்தது. பெரிய கிளப்பின் அடியில் ஒரு வேலையிடம் இருக்கும். அங்கே போய்த் தோண்டு. அந்தக் காலத்தில் பிகேஇஎன்ஜேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள் காலையில் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள், பயிற்சிக்கு எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று கேட்டு எழுது. கிண்ணங்களின் பட்டியலை யாரும் எடுத்துவிடலாம். இதை எடுக்க உன்னை விட்டால் ஆளில்லை.

இப்போது மூன்றாம் அத்தியாயம். என் மனசை அலைக்கழித்தது இதுதான். 2015 ஏஎஃப்சி கிண்ணத்தைப் பற்றி எழுதும்போது, "வழியில் நின்ற ஒவ்வோர் எதிரணியையும் வீழ்த்தி" என்று எழுதியிருக்கிறாய். படிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் அரையிறுதியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். முதல் ஆட்டத்தில் குவைத்தின் அல் காத்சியாவிடம் ஜேடிடி 1-3 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்பே குவைத் காற்பந்துச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. குவைத் அணிகள் வெளியேற, ஜேடிடி இறுதிக்குப் போனது. இறுதியில் எதிரே நின்ற தஜிகிஸ்தானின் இஸ்திக்லோலும் அதே தடையால் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தை ஆடாமலே வந்த அணிதான். அதன் பிறகு அக்டோபர் 31, துஷான்பே. எதிரணியின் சொந்தத் திடல், அவர்களுடைய கூட்டம். ஜேடிடியின் வெலாஸ்கேஸ் போட்ட ஒரே கோல். 1-0. தென்கிழக்காசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தைத் தூக்கிய முதல் கிளப்.

நீ அரையிறுதியை விட்டுவிட்டாய். மறந்து விட்டதாகத் தெரியவில்லை. கிண்ணத்தின் பளபளப்பில் கறை விழுந்துவிடுமோ என்று பயந்திருக்கிறாய். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால், தோட்டங்களுக்கு இடையிலான ஒரு கிண்ணப் போட்டியைப் பற்றி ஒரு நாளிதழில் எழுதினேன். கோல் காத்தவர் குலை வெட்டும் வேலைக்காரர். கடைசி நிமிஷத்தில் பினால்டியைப் பிடித்துக் கிண்ணத்தைக் காப்பாற்றியவர். அவர் இறந்த செய்தி வந்ததும், அஞ்சலியாக அந்த ஆட்டத்தை நினைவுகூர்ந்தேன். மணிக்கட்டு ஒடிந்த கையோடுதான் அன்றைக்கு ஆடினார் என்று யாரோ ஒருவர் சொன்னார். இன்னொருவரைக் கேட்கவில்லை. அழகாக இருந்தது, எழுதிவிட்டேன். கருமாதிக்குப் போனபோது அவருடைய வீட்டம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். கோபமே இல்லை. "கை ஒடிஞ்சது அதுக்கு அடுத்த மாசம், தம்பி. குலை வெட்டுறப்ப. அன்னைக்கு அவர் நல்லாத்தான் ஆடுனாரு. அது போதாதா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அதைவிடக் கனமான ஒன்று உண்டு. அவருடைய பேரப்பிள்ளைகள் இப்போது ஒடிந்த கைக் கதையைத்தான் சொல்கிறார்கள். அவர் எந்தப் பக்கம் பாய்ந்தார், அடித்தவனுடைய காலை எப்படிக் கணித்தார் என்பதெல்லாம் காணாமல் போய்விட்டது. ஒரு நல்ல கோல் காவலரின் திறமையை நான் ஒரு காயத்துக்கு அடியில் புதைத்துவிட்டேன்.

இதே தவறு பெரிய அளவில் கீவ் நகரத்தில் நடந்தது. அந்த ஊர் டைனமோ கிளப்பின் வரலாற்றை யார் எழுதினாலும் 1942-ஐத் தாண்டிப் போக முடியாது. ஜெர்மானியர் நகரத்தைப் பிடித்திருந்த காலம். ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் கூலிக்கு நின்ற பழைய டைனமோ, லோகோமோட்டிவ் ஆட்டக்காரர்கள் ஸ்டார்ட் என்ற பேரில் அணி சேர்ந்து ஆடினார்கள். ஆகஸ்ட் 6-இல் ஜெர்மானிய விமான எதிர்ப்புப் படையின் ஃபிளாக்எல்ஃப் அணியை 5-1 என்று தோற்கடித்தார்கள். ஆகஸ்ட் 9-இல் மறு ஆட்டம், 5-3. மறுபடியும் ஸ்டார்ட்.

போருக்குப் பிறகு சோவியத் நாட்டில் இது காவியமாகிவிட்டது. ஜெயித்தால் சாவு என்று மிரட்டினார்கள், அப்படியும் ஜெயித்தார்கள், விளையாட்டுச் சட்டையோடு அங்கேயே சுட்டுக் கொன்றார்கள் என்று சொன்னார்கள். "மரண ஆட்டம்" என்று பேர் வைத்தார்கள், படம் எடுத்தார்கள், 1971-இல் டைனமோ அரங்கத்தில் சிலையும் எழுப்பினார்கள். ஆனால் அதே ஸ்டார்ட் அணி ஆகஸ்ட் 16-இல் இன்னோர் ஆட்டம் ஆடி 8-0 என்று ஜெயித்திருக்கிறது. சுட்டுக் கொன்றுவிட்டவர்கள் ஒரு வாரம் கழித்து எப்படி ஆடியிருக்க முடியும்? இந்த ஒரு தேதியைப் பார்த்தாலே கதை நிற்காது. கைது செய்தது அதற்குப் பிறகுதான். ஆட்டக்காரர்களில் கோரோத்கிக் கெஸ்டாபோ கையில் வதைபட்டுச் செத்தார். கோல் காவலர் துருசேவிச், கிளிமென்கோ, குஸ்மென்கோ மூவரையும் 1943 பிப்ரவரியில் சிரெட்ஸ் முகாமில் சுட்டார்கள். ஹோன்சாரென்கோ போன்ற சிலர் உயிர் பிழைத்தார்கள்.

உண்மை இதில் எந்த இடத்தில் சிறுத்துப்போகிறது, தம்பி? ரொட்டித் தொழிற்சாலையில் மூட்டை தூக்கிவிட்டு, அரை வயிற்றோடு திடலுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டவர்களை இரண்டு தடவை தோற்கடித்தார்கள். ஆறு மாதம் கழித்து மூன்று பேரை முகாமில் கொன்றார்கள். அது போதாதா? புனைந்த கதை, பிழைத்து வந்தவர்களுக்குச் செய்த கேட்டையும் நினைத்துப் பார். எல்லோரும் செத்தார்கள் என்று நாடே நம்பும்போது, உயிரோடு இருக்கிறவன் சந்தேகத்துக்கு ஆளாகிறான்.

ஆகவே அல் காத்சியாவிடம் வாங்கிய 1-3-ஐ உள்ளே வை. தடையையும் வை. அதற்குப் பிறகு துஷான்பேயை எழுது. அதிர்ஷ்டத்தால் கிடைத்த கதவுக்குள் நுழைந்த அணி, எதிரியின் திடலில் ஒரு கோலை எப்படிக் கடைசிவரை காப்பாற்றியது என்று எழுது. 2014 தொடங்கி 2024-25 வரை ஒரு பருவமும் விடாமல் லீக் பட்டத்தை எடுத்த கிளப் இது. உன் மறைப்பு அதற்குத் தேவையே இல்லை. அவ்வளவு பணமும் அரண்மனையின் பலமும் பின்னால் நிற்கும்போது மற்ற மாநில அணிகளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியையும் பயப்படாமல் எழுப்பு. ரசிகனாக இருந்துகொண்டே கேட்கலாம்.

நம்மவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் அத்தியாயத்தில் ஆறுமுகத்தைக் கொண்டுவந்திருக்கிறாய். "ஸ்பைடர்மேன்" என்று நாடே கொண்டாடிய கோல் காவலர், 1988-இல் கார் விபத்தில் அவர் போனபோது நம் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஆனால் அவர் சிலாங்கூர்க்காரர். உன் புத்தகத்தில் அவருக்கு இடமில்லை. பெருமைக்காக ஒருவரை அவர் ஆடாத திடலில் நிறுத்தாதே. குணாளனை எழுது. பகாவில் பிறந்தவர், ராஜகோபால் பயிற்சியில் 2010-இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியில் ஓரத்தில் ஓடி முன்னேறிய ஆட்டக்காரர், ஜேடிடியில் வலது தற்காப்புக்கு மாறி நின்றார். முன்னால் ஓடிப் பழகிய கால் பின்னால் நின்று காக்கக் கற்றுக்கொள்வது சாதாரணமில்லை. அதற்கு நீ கொடுத்திருப்பது இரண்டே வரி. இரண்டு பக்கம் கொடு.

மிஃபாவையும் மறக்காதே, ஒரு பக்கமாவது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாக ஏறி வந்து, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பேரில் சூப்பர் லீக்கில் நின்றது. 2022-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், மணியம் பயிற்சியில், உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடியது. அந்தப் பருவத்தோடு லீக்கை விட்டே விலகிவிட்டது. லார்க்கினுக்குப் பதிலாக 40,000 பேர் உட்காரும் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் 2020-இல் ஒரு கிளப்புக்குக் கிடைக்கிறது. இரண்டே வருஷத்தில் இன்னொரு கிளப் கதவைச் சாத்துகிறது. ஒரே லீக்கில் இரண்டும் நடந்தன. பக்கத்துப் பக்கமாக வைத்து எழுது. விளக்கம் கூடச் சொல்ல வேண்டாம்.

ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூர் 1994 வரை மலேசியக் கிண்ணத்தில் ஆடியது. அதனால் அந்த ஊர்ப் பத்திரிகைகள் ஜொகூர் ஆட்டங்களை விடாமல் எழுதின. அங்குள்ள தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை, தமிழ் முரசு உட்பட, மின்வடிவில் வைத்திருக்கிறது. அங்கே தொடங்கு. மலாய்ப் பத்திரிகையில் ஒரு கோல் எண்ணிக்கை, ஆங்கிலப் பத்திரிகையில் இன்னொன்று என்று வந்தால் இரண்டையும் குறித்து வை, அவசரப்பட்டு ஒன்றை அடித்துவிடாதே. வெட்டி எடுத்த தாளின் பின்பக்கம் தேதியை எழுது. நான் எழுதாமல் விட்டு, இரண்டு அட்டைப்பெட்டி நிறையத் தேதியில்லாத தாள்களோடு இன்று உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர்களிடம் பேசும்போது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பதற்கு முன்னால், "நீங்க எங்க உக்காந்து பாத்தீங்க?" என்று கேள். திடலின் எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியாதவர் பெரும்பாலும் கேட்ட கதையைச் சொல்கிறவராக இருப்பார். அவரையும் மதி, ஆனால் தனியாகக் குறி.

1991-இல் லார்க்கினுக்கு லாரி ஏறிப் போன ஒருவர் இங்கே நம் வரிசையில் இருக்கிறார். டிக்கெட் துண்டுகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார். திங்கள், புதன், வெள்ளி அவருக்கு ரத்தச் சுத்திகரிப்பு, அன்றைக்கெல்லாம் பேசத் தெம்பு இருக்காது. செவ்வாய்க்கிழமை பசியாறிவிட்டு வா. நானும் கூட வருகிறேன். டின்னைத் திறந்ததும் படம் பிடிக்க ஆரம்பித்துவிடாதே. முதலில் அவர் பேசட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்