கடல் தாண்டினால் பாஸ்போர்ட் வேண்டுமா?



சென்ற ஆண்டு என் மாமா அந்தமானுக்குக் கொத்தனார் வேலைக்குக் கிளம்பினார். அரியலூரில் ரயில் பிடித்துச் சென்னை போனார். விமான நிலைய வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். டிக்கெட் பணம் போச்சு. அது அத்தையின் தோட்டை அடகு வைத்து வாங்கிய பணம்.

"பாஸ்போர்ட் இல்லாம கடல் தாண்டப் போனா இப்படித்தான்" என்றார் தாத்தா. எனக்குச் சந்தேகம். சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன். அவர் வரைபடத்தைக் காட்டி, "அந்தமான் எந்த நாடு?" என்றார். "இந்தியா சார்." "அப்புறம் எதுக்குப் பாஸ்போர்ட்?"

அன்று அவர் சொன்னதையும் நான் படித்ததையும் இங்கே தருகிறேன்.

1. அந்தமான்: சென்னையிலிருந்து கடல் வழியில் சுமார் 1,200 கி.மீ. கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். இந்தியக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஆதார், வாக்காளர் அட்டை போன்ற படம் ஒட்டிய அடையாளச் சான்று போதும். தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

2. நிக்கோபார்: இங்கே நாமும் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பழங்குடியினரைக் காக்க 1956-இல் வந்த சட்டம் இது. 19-ஆம் நூற்றாண்டில் வெளியாட்கள் கொண்டு வந்த தட்டம்மை போன்ற நோய்களால் பல ஆயிரமாக இருந்த பெரிய அந்தமானியர் அழிந்து, இன்று சில பத்துப் பேரே மிஞ்சியிருக்கிறார்கள். வடக்கு சென்டினல் தீவுக்கு யாரும் போகவே கூடாது.

3. லட்சத்தீவு: இதுவும் இந்தியாதான். ஆனால் 1967-ஆம் ஆண்டு விதிப்படி நுழைவு அனுமதி வேண்டும். அங்கே 100-க்கு 94 பேருக்கு மேல் பழங்குடியினர். அவர்களின் நிலமும் வாழ்வும் கைமாறிப் போகக்கூடாது என்பதே காரணம்.

4. கச்சத்தீவு: 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. பரப்பு 285 ஏக்கர். நம் மீனவர்களும் பக்தர்களும் அங்கே வர விசா, பயணப் பத்திரம் கேட்கக் கூடாது என்று அந்த ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்கள் முன்னதாகப் பெயர் பதிந்து, அடையாளச் சான்று கொடுத்து அனுமதி பெற்றுத்தான் படகு ஏறுகிறார்கள்.

5. இலங்கை: வேறு நாடு. பாஸ்போர்ட் கட்டாயம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய கப்பலுக்கும் இதே விதிதான்.

ஆக, நாம் பார்க்க வேண்டியது கடலை அல்ல, நாட்டின் எல்லையை!

அப்படியானால் மாமாவை ஏன் நிறுத்தினார்கள்? டிக்கெட்டை வாங்கி எடுத்துப் பார்த்தேன். ஆதாரில் நம்ம ஊர்ப் பெருமாள் பெயர். டிக்கெட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர்! டிக்கெட் எடுத்துக் கொடுத்த கூட்டாளிக்கு அந்தப் பெயர்தான் தெரியும். படம் ஒன்று, ஆள் ஒன்று, பெயர் மட்டும் இரண்டு. மாமாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வீட்டில் படித்த நான் ஒருத்தி இருந்தும், கிளம்பும்போது அதை வாங்கிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி டிக்கெட் எடுத்தார். இந்தத் தடவை எழுத்து எழுத்தாக நான்தான் சரி பார்த்தேன். போய்ச் சேர்ந்துவிட்டார். தோடும் மீண்டு வந்துவிட்டது.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா ஆதாரையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல், பிறந்த தேதி, எழுத்து எல்லாம் ஒன்றாக இருக்கிறதா? பத்தாம் வகுப்பு மாணவர்களே, தேர்வுப் பெயர்ப் பட்டியல் போகும் முன் உங்கள் பெயரையும் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிறகு திருத்த அலைய வேண்டும். இப்போது என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி