பாடம் 7: தார்ப்பாய்க்கு ஒட்டு

புணே நகரின் கிழக்கே, படைக் குடியிருப்புகளையும் தொடர்வண்டி நிலையத்தையும் அடுத்து அமைந்த பகுதி கோர்படி. அதன் தெற்கே சோலாப்பூர் நெடுஞ்சாலை செல்கிறது. லாரி எனப்படும் சரக்குந்துகள் இரவும் பகலும் அச்சாலையில் ஓடுகின்றன. சிமெண்டு, சர்க்கரை, வெல்லம், தானியம் என எதை ஏற்றினாலும், திறந்த மேற்புறத்தை மூடிக் கயிற்றால் இறுகக் கட்டிய பின்னரே வண்டி புறப்படும். அவ்வாறு மூட உதவுவது தார்ப்பாய். அது கிழிந்தால் செப்பனிடுவதும் ஒரு தொழில், நுட்பமான தொழில்.

பெயர் வந்த வழி

முற்காலத்தில் மாலுமிகள் கித்தான் துணியின்மீது தாரைப் பூசி, நீர் புகாத மூடுதுணியாகப் பயன்படுத்தினர். அதனை ஆங்கிலேயர் ‘டார்பாலின்’ என்றனர். அச்சொல் தமிழர் நாவில் ‘தார்ப்பாய்’ ஆயிற்று. தமிழில் பாய் என்பது படுக்கும் பாயை மட்டுமன்றி, மரக்கலத்தின் பாயையும் குறிக்கும். எனவே கடனாக வந்த சொல்லே ஆயினும், தார் பூசிய பாய் எனப் பொருளும் பொருந்திற்று. இந்தி பேசுவோர் இதனைத் ‘திர்பால்’ என்பர். மராத்தியர் ‘தாட்பத்ரி’ என்பர். பனையும் இலையும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. கோர்படியில் வளரும் தமிழ்ச் சிறுவர் இம்மூன்று பெயர்களையும் கேட்டு வளர்கின்றனர்.

சிறு கிழிசல், பேரிழப்பு

புணே வழியாகச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாகச் சென்னையை அடைகிறது. கிருஷ்ணகிரியில் 44ஆம் எண் சாலைக்குத் திரும்பினால் சேலத்தையும், சரக்குந்துகளுக்கு மேற்கூடு கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லையும் அடையலாம். இவ்வழியில் ஆண்டு முழுவதும் ஓடும் வண்டி இரு பருவமழைகளைச் சந்திக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மகாராட்டிரத்தில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை. ஆண்டில் ஏழு மாதங்கள் தார்ப்பாய்க்கு ஓய்வில்லை.

நனைந்த சிமெண்டு மூட்டையிலேயே கல்லாக இறுகிவிடும். சர்க்கரையும் வெல்லமும் கரைந்து ஒழுகும். தானியம் பூசணம் பிடிக்கும். ஏற்றிய சரக்கைப் பழுதின்றிச் சேர்க்கும் பொறுப்பைச் சுமப்போர்மீது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் சுமத்துகிறது. இரண்டு விரற்கடைக் கிழிசலால் ஒரு வண்டிச் சரக்கின் மதிப்பே குறைந்துவிடக்கூடும்.

கிழிசல் கிழிந்த அளவோடு நிற்பதும் இல்லை. வண்டி விரையும்போது காற்று தார்ப்பாயை ஓயாமல் அடிக்கிறது. துணி முழுவதும் தாங்க வேண்டிய இழுவிசை கிழிசலின் முனையில் வந்து குவிகிறது. அங்குள்ள இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. ஆகவே, சிறிதாய் இருக்கும்போதே செப்பனிடுதல் வேண்டும்.

இனம் அறிதல்

செப்பனிடுவோர் முதலில் ஊசியை எடுப்பதில்லை. தார்ப்பாயைத் தொட்டுப் பார்க்கின்றனர். இன்று மூவகைத் தார்ப்பாய்கள் வழக்கில் உள்ளன. மெழுகேற்றிய பருத்திக் கித்தான் ஒன்று. பாலியெஸ்டர் வலைத்துணியின் இருபுறமும் பி.வி.சி. பூசியது மற்றொன்று, பாலிஎத்திலீன் நாடாக்களை நெய்து, மேலே மென்படலம் ஒட்டியது மூன்றாவது. கித்தானுக்குக் கித்தான், பி.வி.சி.க்குப் பி.வி.சி. என ஒட்டும் அதே இனமாக இருத்தல் வேண்டும். இனம் மாறினால் ஒன்று சுருங்கும்போது மற்றொன்று சுருங்காது. அல்லது பசை ஒன்றில் பற்றி மற்றொன்றில் பற்றாது. சில நாள்களிலேயே ஒட்டுப் பிரிந்துவிடும்.

செப்பனிடும் முறை

கித்தானை முதலில் தூசு நீக்கி, நன்கு உலர்த்த வேண்டும். பிசிறு இழைகளை வெட்டிய பின், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 5 செ.மீ. பெரிதான ஒட்டை எடுத்து, அதன் விளிம்பை உள்ளே மடிப்பர். ஒட்டின் ஓரத்தில் ஒரு தையலும், கிழிசலின் ஓரத்தில் ஒரு தையலுமாக இரண்டு வரிசை தைப்பர். நெருக்கமாகத் தைத்தால் வலிமை கூடும் என எண்ணுவது தவறு. அஞ்சல்தலையின் ஓரம் துளைகளின் வழியே எளிதில் கிழிவதுபோல, நெருங்கிய ஊசித்துளைகளின் வழியே துணியும் கிழியும். மேலும், ஊசி நுழைந்த ஒவ்வோர் இடமும் நீர் நுழையும் வழியாகும். எனவே மெழுகு பூசிய நூலால் தைத்து, தையலின்மீதும் மெழுகு தேய்ப்பர்.

பி.வி.சி. தார்ப்பாயை வெப்பத்தால் ஒட்டலாம். வெங்காற்றுக் கருவியால் இரு பரப்புகளையும் இளக்கி, உருளையால் அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும். வெப்பம் மிகுந்தால் பூச்சு கருகி, நச்சுப் புகை எழும். ஆதலால், காற்றோட்டமுள்ள இடத்தில் செய்ய வேண்டும். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுதல் மற்றொரு நுட்பம். கூர்மூலையைக் காற்று எளிதில் பெயர்த்துவிடும். பாலிஎத்திலீனிலோ பொதுவான பசைகள் பற்றுவதில்லை. வழியில் ஒட்டுநாடா தற்காலிகமாக உதவும். வெப்ப ஒட்டே நிலைக்கும்.

இறுதியாக, ஓரத்தில் கயிறு கோக்கும் உலோக வளையங்களைச் சோதிப்பர். வளையம் பிய்ந்த இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைத்தே புதிய வளையத்தைப் பொருத்துவர்.

தொன்மையான தொழில்

தைத்தலுக்குத் தமிழில் ‘துன்னம்’ என்பது பழம்பெயர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரைக் கூறும்போது, துணி தைக்கும் துன்னகாரரையும், தோல் தைப்போரையும் பொற்கொல்லரோடும் தச்சரோடும் சேர்த்தே கூறுகிறது. நகரின் வாழ்வில் ஊசிக்கும் இடம் இருந்தது.

இன்றும் அவ்வாறே. சரக்கு நனையாமல் ஊர் சேர்ந்தால், தார்ப்பாயைத் தைத்தவர் யார் என எவரும் வினவுவதில்லை. நனைந்தால்தான் வினவுவர். எவரும் வினவாதபடி வேலை செய்வதே அக்கைகளின் திறம்.

அருஞ்சொற்பொருள்

கித்தான் – தடித்த நெய்துணி
ஒட்டு – கிழிசல்மீது வைக்கும் துண்டு
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
பிசிறு – பிரிந்து நிற்கும் இழை
துன்னம் – தையல்

பயிற்சி

1. ‘பாய்’ என்னும் சொல்லின் இரு பொருள்களைக் கொண்டு இரண்டு தொடர்கள் எழுதுக.
2. மிக நெருக்கமாகத் தைத்தால் தார்ப்பாய்க்கு நேர்வது யாது? பாடத்தில் உள்ள உவமையுடன் விளக்குக.
3. ஒட்டு ஏன் அதே இனத்தைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும்?
4. வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, கிழிந்ததைச் சரிசெய்தலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுக்க. அவற்றுக்கு இணையான மராத்திச் சொற்களையும் எதிரே எழுதுக.