பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

2011-இல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, அவ்வாண்டு செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அத்திட்டத்தில் என் அண்ணன் பெற்ற கணினி எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இத்தகைய கணினியில் விண்டோஸ் 11 ஏறுமா என்று நண்பர்கள் கேட்கின்றனர்.

தடைகள் இருவகை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லையேல் நிறுவும் நிரல் மறுத்துவிடும். இது வாயிற்காவலர் கேட்கும் அனுமதிச் சீட்டு போன்றது. தாண்டிச் செல்ல வழியுண்டு. ஆனால் அவ்வாறு ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருமென மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. மற்றது உண்மையான தடை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, ஓர் இரும எண்ணில் எத்தனை 1-கள் உள்ளன என்று எண்ணும் 'பாப்கவுண்ட்' கட்டளையைச் செயலியிடம் எதிர்பார்க்கிறது. அதை அறியாத மிகப் பழைய செயலியில் எந்தத் தந்திரமும் பலிக்காது.

ஆகவே லினக்ஸே மேல் என்பேன். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. (திறந்து பார்த்தோர் சிலரே!) அதன் மூலமான டெபியனை இன்றும் ஏற்றலாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் செயலிகளுக்கு நிறுவும் வட்டு தரவில்லை. அதை முதலில் பாருங்கள். 2 ஜி.பி. நினைவகமே உள்ளதெனில் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய திரைமுகப்பைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று சோதித்த பின்னரே நிறுவுங்கள். திருச்சிக் கடைத்தெருவில் பழைய இரும்பு விலைக்குப் போடுமுன் இவ்வளவாவது செய்து பார்க்கலாம்.