அன்னை முகமும் பிள்ளை மனமும்

ஐதராபாத்தின் வடமேற்கே உள்ள குகட்பள்ளியில் பல மாநில மக்கள் வாழ்கின்றனர். பணியின் பொருட்டு அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம்.

தந்தை காலையில் மெட்ரோ தொடர்வண்டியில் சென்றால் இரவில்தான் திரும்புகிறார். தாத்தாவும் பாட்டியும் சொந்த ஊரில் இருக்கின்றனர். அன்னைக்குத் தெலுங்கு இன்னும் பழகவில்லை. சில வாரங்களாக அவர் சிரிப்பதில்லை. சரியாக உண்பதும் உறங்குவதும் இல்லை. மகன் போட்டியில் பரிசு பெற்றதைச் சொன்னபோதும் “சரி” என்று மட்டும் கூறினார். அவனோ தம்பியை அடிக்கிறான்; வீட்டுப்பாடம் எழுத மறுக்கிறான். “பிள்ளை கெட்டுவிட்டான்” என்கின்றனர் உறவினர். “என்னால்தான் அம்மா இப்படி ஆனார்” என்று அவன் உள்ளுக்குள் வருந்துகிறான். இவ்விரண்டு எண்ணங்களும் பிழையானவை.

ஓரிரு நாள் வருத்தம் எவருக்கும் இயல்பு. அது இரண்டு வாரங்களுக்கு மேலாக நீடித்து, எதிலும் விருப்பமின்மையும் களைப்பும் சேர்ந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்நோய் தந்தைக்கும் வரும். காய்ச்சலைப் போல இதுவும் எவருடைய குற்றமும் அன்று.

பெற்றோரின் சோர்வு பிள்ளையை எவ்வாறு தொடுகிறது? அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டிரானிக் 1970களில் ஓர் ஆய்வு நடத்தினார். அன்னை முதலில் தம் கைக்குழந்தையுடன் கொஞ்சி விளையாடினார். பின்பு சில மணித்துளிகள் எவ்வுணர்ச்சியும் காட்டாமல் அதனை நோக்கி அமர்ந்திருந்தார். குழந்தை சிரித்தது, கைகளை நீட்டியது, ஒலி எழுப்பியது. பயனில்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்னை மீண்டும் கொஞ்சத் தொடங்கிய பின்னரே மெல்லத் தெளிந்தது.

வளர்ந்த பிள்ளைகளும் அம்முகத்தைத் தேடுகின்றனர். கிடைக்காதபோது சிலர் சினம் கொள்கின்றனர். சிலர் பேச்சைக் குறைக்கின்றனர். சிலர் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தம் தோளில் ஏற்றுகின்றனர். தம்பியை அடித்த கையும் அன்னையை நோக்கி நீண்ட கையே.

இந்நிலை மாறக்கூடியது. மிர்னா வைஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞரும் குழுவினரும், மனச்சோர்வுற்ற அன்னையர் 151 பேரையும், 7 முதல் 17 வயது வரை உள்ள அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சையால் மூன்று மாதங்களில் அன்னையர் நலம்பெற்ற வீடுகளில், பிள்ளைகளின் மனநலச் சிக்கல்களும் குறைந்தன. மருத்துவம் பெற்றவர் அன்னையர், பயன்பெற்றவர் பிள்ளைகளும்தாம்.

முழுக்கவனம் என்னும் பழக்கமும் துணைபுரியும். நேற்றையும் நாளையையும் எண்ணித் தவிக்காமல், இப்பொழுது நிகழ்வதை உற்றுணர்வதே முழுக்கவனம். கை ஓங்கும் முன் தம் மூச்சைக் கவனித்து, “எனக்குச் சினம் வந்துள்ளது” என உணரும் பெற்றோர், பிள்ளையை அடிப்பதற்கு மாறாக “என்ன நடந்தது?” என்று கேட்க இயலும். எனினும், நோய் முற்றியவருக்கு இப்பழக்கம் மட்டும் போதாது, மருத்துவரும் வேண்டும்.

குகட்பள்ளிக்கு அருகிலுள்ள எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை உள்ளது. இந்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். துயரைத் தாய்மொழியில் சொல்ல முடிவதே அயலூரில் பெரும் ஆறுதல்.

அன்னையைக் குணப்படுத்துவது பிள்ளையின் கடமை அன்று. தந்தையிடமோ ஆசிரியரிடமோ, “அம்மா சில வாரங்களாகச் சிரிக்கவில்லை” என்று சொன்னால் போதும். அது வீட்டைக் காட்டிக்கொடுப்பது ஆகாது, வீட்டைக் காப்பதாகும்.

அருஞ்சொற்பொருள்
மணித்துளி – நிமிடம்
தெளிதல் – கலக்கம் நீங்குதல்
உற்றுணர்தல் – கூர்ந்து அறிதல்

வினாக்கள்
1. வருத்தத்திற்கும் மனச்சோர்விற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அன்னையின் முகம் அசையாதிருந்தபோது குழந்தை என்னென்ன செய்தது?
3. ‘தம்பியை அடித்த கையும் அன்னையை நோக்கி நீண்ட கையே’ – விளக்குக.

செயல்பாடு
பாடத்தில் வரும் மகன் தன் ஆசிரியரிடம் பேசுவதாக ஆறு வரி உரையாடல் எழுதுக.